கணக்குன்னாலே பயமா இருக்கு: மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கணக்குப் பாடம் நடத்தி வரும் இத்தனை ஆண்டுகளில், சூத்திரத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிடப் பயத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு மேசை ஓரமாக வந்து நின்று, குரலைத் தணித்துக் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி அதேதான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மாணவர் கேட்டதற்கு மாணவரிடமும், பெற்றோர் கேட்டதற்குப் பெற்றோரிடமும் பேசுவது போலவே பதில் இருக்கும். முன்னால் சொன்னதை மறுபடி எழுதாமல் இருக்கக் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

1. கணக்குன்னாலே எனக்குப் பயமா இருக்கு மிஸ். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே பயம் இருக்கலாம்; உன்னைப் போலவே அவரும் வெளியே சொல்லாமல் இருக்கலாம். பல நாட்டு மாணவர்களின் திறனைச் சோதிக்கும் பீசா (PISA) என்ற ஆய்வு 2012இல் நடந்தபோது, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு) நாடுகளைச் சேர்ந்த 15 வயது மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். கணித வகுப்பு கஷ்டமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். வீட்டுப்பாடக் கணக்கைப் போட உட்கார்ந்தாலே மிகவும் பதற்றமாகிவிடுகிறது என்றவர்கள் 33 சதவீதம். கணக்குப் போடும்போது செய்வதறியாமல் நிற்பதாகச் சொன்னவர்கள் 30 சதவீதம்.

இது நேற்று முளைத்த சிக்கலும் இல்லை. 1972இலேயே ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தப் பயத்தை அளப்பதற்கென்று 98 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். பரீட்சை மட்டுமல்ல, அன்றாட வாழ்க்கையில் எண்களைக் கையாள வேண்டிய இடங்களும் அதில் இருந்தன.

2. பயமா இருக்குன்னா எனக்கு மூளை கம்மின்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுவேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் அதிகமாக இருந்தவர்களில் 77 சதவீதம் பேர் கணக்கில் சராசரியாகவோ அதற்கு மேலாகவோதான் இருந்தார்கள். நன்றாகப் போடத் தெரிந்தவர்களுக்கும் பயம் வருகிறது. பயம் வேறு, திறமை வேறு.

ஈரானில் பிறந்த கணிதவியலாளர் மரியம் மிர்சாகானியை எடுத்துக்கொள். நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆண்டு அவர் கணக்கில் பின்தங்கினார். இந்தப் பெண்ணுக்குப் பெரிய திறமை இல்லை என்று அவருடைய ஆசிரியர் நினைத்தார். அதில் அவருக்குத் தன்னம்பிக்கையே போய்விட்டது. அடுத்த ஆண்டு ஊக்கம் தரும் வேறோர் ஆசிரியர் கிடைத்தார், நிலைமை மாறியது. கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் பெற்ற முதல் பெண் அவர். எல்லோரும் பதக்கம் வாங்கலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வருட மார்க்கை வைத்து ஒரு குழந்தையைப் பற்றி முடிவு கட்டினால் எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

3. வீட்ல போட்டா வருது. பரீட்சைல உட்கார்ந்தா எல்லாம் பிளாங்க் ஆயிடுது. ஏன் மிஸ்?

502இலிருந்து 267ஐக் கழித்துப் பார். 2இலிருந்து 7 போகாது. கடன் வாங்கலாம் என்றால் பக்கத்தில் பூஜ்யம். அதனால் 5இடம் போகிறாய். 5 நாலாகிறது, பூஜ்யம் பத்தாகிறது, அதிலிருந்து ஒன்று கொடுத்து ஒன்பதாகிறது, 2 பன்னிரண்டாகிறது. இத்தனையையும் மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருந்தால்தான் 235 வரும். மனதுக்குள் ஒரு சின்னச் சிலேட் இருக்கிறது என்று வைத்துக்கொள். இதெல்லாம் அதில்தான் எழுதப்படுகிறது. உளவியலில் இதைச் செயல்நினைவு என்கிறார்கள். யாருக்குமே இந்தச் சிலேட் பெரியது இல்லை. ஒரு நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்குத்தான் இடம்.

பயமும் அதே சிலேட்டில்தான் எழுதுகிறது. "நேரம் போகுதே", "அவ அடுத்த பக்கம் போயிட்டா", "போன தடவை மாதிரி ஆயிடுமோ" என்று எழுதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடன் வாங்கிய ஒன்று காணாமல் போகிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டல் போடச் சொன்னபோது, மீதி எடுத்துச் செல்ல வேண்டிய கணக்குகளில், பயம் அதிகமுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறினார்கள்.

ஆகவே நீ படித்தது அழிந்து போகவில்லை. ஹாலை விட்டு வெளியே வந்ததும் விடை பளிச்சென்று ஞாபகம் வருகிறதே, அதுவே சாட்சி. அந்த நேரத்தில் சிலேட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

4. கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு கலக்குது. நான் நடிக்கிறேன்னு வீட்ல சொல்றாங்க.

நடிப்பு இல்லை. லயன்ஸ், பைலாக் என்ற ஆய்வாளர்கள் 2012இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கணக்குப் பயம் அதிகமுள்ளவர்களுக்கு, "அடுத்து கணக்கு வரப்போகிறது" என்று தெரிந்த நொடியில், உடல் வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இயக்கம் கூடியது. ஆனால் கணக்கைப் போடும்போது அப்படி இல்லை. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில்தான் அது இருந்தது.

எனக்கு மிகவும் உதவிய செய்தி இது. நோட்டைத் திறப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் உள்ளதிலேயே கஷ்டமான நேரம் என்று வைத்துக்கொள். அதைக் குறுக்கிவிடு. உட்கார்ந்ததும், நேற்றே போட்டு முடித்த ஒரு கணக்கை மறுபடி போடு. கை ஓட ஆரம்பித்துவிடும்.

5. அப்போ கொஞ்ச நாள் கணக்கு பக்கமே போகாம இருந்தா பயம் தன்னால குறைஞ்சிடும்ல?

அன்றைக்கு மட்டும் குறையும். நோட்டை மூடியதும் வயிறு அமைதியாகும். அந்த நிம்மதிதான் சிக்கலே, ஏனென்றால் "மூடினால் நல்லது" என்று மனம் கற்றுக்கொள்கிறது. இதற்குள் வகுப்பில் இரண்டு பாடம் ஓடியிருக்கும். திரும்பி வரும்போது தெரியாதது கூடியிருக்கும், அதோடு பயமும் கூடியிருக்கும்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: பயம் போகட்டும், பிறகு கணக்குப் போடலாம் என்று காத்திருக்காதே. போடக்கூடிய கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் பயம் குறைகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 8 வாரம் தனித்தனியாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகப் பயத்தோடு வந்த குழந்தைகளுக்குப் பயம் குறைந்தது. மூளைப் படத்தில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் மிகை இயக்கமும் தணிந்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது கணக்குப் பயிற்சிதான். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து, ஒரு படி ஒரு படியாகக் கூட்டிப்போன பயிற்சி.

6. பெரிய கிளாஸ் வந்துட்டேன். ஆனா பின்னமே சரியா வராது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பின்னத்திலிருந்துதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இயற்கணிதத்தில் தடுமாறுகிறேன் என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பின்னம், மைனஸ் எண்கள், சதவீதம், அடைப்புக்குறியை நீக்குவது ஆகிய நான்கைத்தான். பெரும்பாலும் ஓட்டை இவற்றில் ஒன்றில் இருக்கும். மேலே எவ்வளவு பூசினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஓர் உதாரணம். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 2/5 என்று எழுதுவார்கள். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டார்கள். உடனே "தப்பு" என்று சொல்லாமல், "2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்து, "சின்னது" என்பார்கள். "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். பாதியைவிடக் குறைஞ்சு போகுமா?" அந்த இடத்தில் முகம் மாறும். அப்புறம் இரண்டையும் ஆறில் பங்காக்கி 3/6 + 2/6 = 5/6 என்று காட்டினால், அது விதியாக இல்லாமல் விஷயமாகப் போய்ச் சேரும். விடை நியாயமாக இருக்கிறதா என்று தானே பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, சரியா தப்பா என்று பிறர் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டிய தேவை குறைகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க பழைய வகுப்புப் புத்தகங்களை எடு. ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு கணக்கு மட்டும் போடு. எங்கே தடுக்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே உட்கார்.

7. தினம் எவ்வளவு நேரம் போடணும்?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்தைவிடத் தினம் 20 அல்லது 25 நிமிடம் நல்லது. முடியும்போது தெரிந்த ஒரு கணக்கோடு முடி. அழுதுகொண்டே நோட்டை மூடும் நாட்கள் அடுத்தடுத்து வரக்கூடாது.

8. போட்டு வெச்ச கணக்கைப் பார்த்தா புரியுது. தனியா போட்டா ரெண்டாவது ஸ்டெப்லயே நிக்குது.

பார்த்துப் புரிவதும் தானாகப் போடுவதும் வேறு வேறு வேலை. அடுத்தவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பதற்கும் நாம் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். நான் சொல்லித் தரும் வழி இது. தீர்த்து வைத்த ஒரு கணக்கை எடுத்து, கடைசி வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு அதை நீயே எழுது. அடுத்த கணக்கில் கடைசி இரண்டு வரி. அதற்கடுத்ததில் மூன்று. இப்படிக் கீழிருந்து மேலே போனால், ஒரு நாள் கேள்வி மட்டும் மிஞ்சும். அதற்குள் அந்தக் கணக்கு உன் கைக்குப் பழகியிருக்கும்.

அது வந்த பிறகு ஒரே வகைக் கணக்கை 20 தடவை போடாதே. மூன்று நான்கு பாடங்களிலிருந்து கலந்து போடு. பரீட்சையில் "இது எந்தப் பாடத்துக் கணக்கு" என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் பயிற்சியால் வருவதுதான்.

9. ஹால்ல மூளை நின்னு போச்சுன்னா அந்த நிமிஷம் என்ன செய்யறது?

பேனாவைக் கீழே வை. மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும். நாலைந்து தடவை போதும். பிறகு அந்தக் கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் தாளில் எழுது. விடையைத் தேடாதே, கேள்வியை எழுது. சிலேட்டில் இருக்க வேண்டிய சுமையைத் தாளுக்கு இறக்குகிறாய். கடன் வாங்கியது, மீதி எடுத்துப் போனது எல்லாவற்றையும் மேலே குறித்துக்கொள். "மனசுலயே போடறவன்தான் கெட்டிக்காரன்" என்ற எண்ணத்தை அன்றைக்கு மட்டுமாவது வீட்டிலேயே விட்டுவிடு.

ஐந்து நிமிடம் நகரவில்லையா, இடம் விட்டு அடுத்த கணக்குக்குப் போ. வினாத்தாள் வந்ததும் மறந்துவிடுவோமோ என்று பயப்படும் சூத்திரங்களை ஓரத்தில் எழுதிவிடுவதும் உதவும். நெஞ்சு படபடக்கிறது என்றால் அதோடு சண்டை போடாதே. "உடம்பு தயாராகுது" என்று சொல்லிக்கொள். 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட சோதனைகளில், கடினமான பணிக்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பணிகளில் கணக்கும் ஒன்று.

10. பரீட்சைக்கு முன்னாடி பயத்தையெல்லாம் தாள்ல எழுதினா போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

2011இல் ரமிரெஸ், பைலாக் இருவரும் அப்படி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன் 10 நிமிடம் தங்கள் கவலையை எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். சிலேட்டில் இருப்பதைத் தாளில் கொட்டிவிட்டால் இடம் கிடைக்கும் என்பதே அதன் எண்ணம். ஆனால் பெயர்பெற்ற பல ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஒரு பெரிய முயற்சியில், இந்த முடிவு மீண்டும் கிடைக்கவில்லை.

அதனால் இதை மருந்து என்று நான் சொல்வதில்லை. செலவில்லாத விஷயம், வீட்டில் ஒரு மாதிரித் தேர்வுக்கு முன் எழுதிப் பார். உனக்கு லேசாக இருந்தால் வைத்துக்கொள். எழுத எழுதப் பயம் கூடுகிறது என்றால் விட்டுவிடு. 8ஆம் கேள்வியில் சொன்ன பயிற்சிக்கு இது மாற்று ஆகாது.

11. நான் ரொம்ப மெதுவாத்தான் போடுவேன். மெதுவா போட்டா கணக்கு வராதுன்னுதானே அர்த்தம்?

லோரான் ஷ்வார்ட்ஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பள்ளியில் மிக மெதுவாக யோசிப்பவர். மற்றவர்கள் சட்டென்று பதில் சொல்வதைப் பார்த்து, தான் முட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1950இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஆழமாகப் புரிந்துகொள்வதற்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது அவர் கண்டுகொண்டது.

ஆனால் பரீட்சைக்கு நேரக் கணக்கு உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. நீ எந்த இடத்தில் மெதுவாகிறாய் என்று பார். யோசிக்கும் இடத்தில் என்றால் அப்படியே இரு. 7 × 8 எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணுவதில் நேரம் போகிறது என்றால், அதைச் சரி செய்யலாம்.

12. வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணணுமா, புரிஞ்சா போதாதா?

இரண்டும் வேண்டும். இதில் பக்கம் எடுத்துச் சண்டை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருந்தால் சிலேட்டில் இடம் மிச்சம். ஆனால் நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டு ஒப்பிக்கச் சொன்னால், வாய்ப்பாட்டோடு சேர்ந்து அவமானமும் மனதில் பதிந்துவிடும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகப் பழகு: 7 × 8 மறந்துவிட்டதா? 7 × 4 என்றால் 28. அதை இரண்டு மடங்காக்கினால் 56. மறந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி உண்டு என்று தெரிந்த பிள்ளை பதறுவதில்லை.

13. எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது டீச்சர். அதைச் சொல்லித்தான் அவனைத் தேத்தறேன். தப்பா?

அன்பினால் சொல்கிறீர்கள். ஆனால் அவன் காதில் "நம்ம குடும்பத்துக்கே இது வராது, விட்டுடலாம்" என்று விழுகிறது. "எனக்கும் கஷ்டமா இருந்துச்சு, யாரும் உட்கார்ந்து சொல்லித் தரல, உனக்கு அப்படி ஆகாம பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டுப்பாடம் சொல்லித் தருவதிலும் ஒரு கவனம் வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது, பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள். ஆண்டு முடிவில் அவர்களுடைய பயமும் கூடியிருந்தது. உங்களுக்குப் பதற்றம் வருகிறது என்றால் சொல்லித் தர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அவன் விளக்கட்டும்.

14. கொஞ்சம் திட்டினாத்தான் உட்கார்றான். பயம் இருந்தாத்தானே படிப்பான்?

உட்காருவான். சிலேட் நிறைந்துபோய் உட்காருவான். 3ஆம் பதிலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

"கொஞ்சம் பதற்றம் நல்லது" என்பதற்கு யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவரின் 1908ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள். அது சுண்டெலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்வு. அதிலேயே, பணி கடினமாகும்போது லேசான அதிர்ச்சியில்தான் எலிகள் வேகமாகக் கற்றன. திட்டைவிட நயமாக வந்து காயப்படுத்தும் ஒரு சொல்லும் உண்டு: "இது ரொம்ப ஈஸிதானே!" ஈஸியான கணக்கே வரவில்லை என்றால் தன்னைப் பற்றி அந்தக் குழந்தை என்ன நினைக்கும்? நானும் பல வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது "இது முதல் தடவை குழப்பும், ரெண்டாவது தடவை பிடிபடும்" என்கிறேன்.

15. பொண்ணுங்களுக்குக் கணக்கு அவ்வளவா வராதுங்கறாங்களே?

பெண் பிள்ளைகள் தங்களுக்குப் பயம் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வருகிறது. திறமை குறைவு என்பது அதற்குப் பொருள் இல்லை. இந்தப் பேச்சே பயத்தை வளர்க்கிறது. பைலாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 17 ஆசிரியைகளின் முதலாம், இரண்டாம் வகுப்புகளைப் பார்த்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியையின் பயத்துக்கும் குழந்தைகளின் மார்க்குக்கும் தொடர்பு இல்லை. ஆண்டு முடிவில், கணக்குப் பயம் அதிகமிருந்த ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகளில், "ஆண்கள்தான் கணக்கில் கெட்டி" என்ற எண்ணம் ஏறியவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஆசிரியையாக இருக்கும் எனக்கு இது சுமையாக இருக்கிறது. கரும்பலகையில் நான் தவறு செய்யும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று அப்போதிலிருந்து கவனிக்கிறேன்.

16. இது வெறும் பயமா, இல்ல டிஸ்கால்குலியாவா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

டிஸ்கால்குலியா என்பது எண்ணின் அளவையே உணர்வதில் உள்ள கற்றல் குறைபாடு. சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். வயது ஏறியும் சின்னக் கூட்டலுக்குக்கூட விரல் விடுவது, 8க்கும் 5க்கும் எது பெரிது என்பதில் தயங்குவது, மணி பார்ப்பதில் தொடர்ந்து தடுமாறுவது போன்றவை சிறு வயதிலிருந்தே, பதற்றம் இல்லாத நேரத்திலும் இருக்கும். வெறும் பயம் என்றால், வீட்டில் நிதானமாக இருக்கும்போது வருவது தேர்வில் வராது.

இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரிடம் காட்டுங்கள். தூக்கம் கெடுவது, சாப்பிடாமல் இருப்பது, பள்ளிக்கே போக மாட்டேன் என்பது என்று போனால், அது கணக்கோடு நிற்கும் விஷயம் இல்லை. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

17. மார்க் குறைஞ்சதால பயமா, பயத்தால மார்க் குறைஞ்சதா? எதை முதல்ல சரி பண்றது?

இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதுதான் ஆய்வுகள் சேர்ந்து சொல்வது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. அதனால் எது முதல் என்ற விசாரணையில் நேரம் போக்காமல், 6ஆம் பதிலில் சொன்ன ஓட்டையை அடைப்பதையும் 9இல் சொன்ன தேர்வறைப் பழக்கத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம்.

18. பயம் குறைஞ்சிருக்குன்னு எப்படி மிஸ் தெரியும்? மார்க் இன்னும் ஏறலையே.

மார்க் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் சில மாற்றங்கள் தெரியும். நோட்டை எடுப்பதற்கு முன் பென்சில் சீவுவதும் தண்ணீர் குடிக்கப் போவதும் குறையும். தப்பு வந்தால் பக்கம் முழுவதையும் அடிப்பதற்குப் பதிலாக, எந்த வரியில் தப்பு என்று தேடத் தோன்றும். கேள்வியும் மாறும். "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று எப்போதும் சொல்லும் ஒரு மாணவி, ஒரு நாள் நோட்டைக் கொண்டுவந்து நாலாவது வரியில் விரலை வைத்து, "இது வரைக்கும் சரி மிஸ். இங்க மைனஸ் எப்படி ப்ளஸ் ஆச்சு?" என்று கேட்டாள். அந்த மாதத் தேர்விலும் அவள் மார்க் ஏறவில்லை. அவளைப் பற்றி நான் கவலைப்படுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.